பாதி அட்டை

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர்
12 பிப்ரவரி 2024

அன்புள்ள கிரேஸுக்கு,

உன் ஓரகத்தி பிலோமினா எழுதுகிறேன். உன் வீட்டில் எல்லாரையும் மாதா காப்பாற்றட்டும்.

என் வீட்டுக்காரருடைய நாற்பதாம் நாள் பூசை முடிந்து நீ என் வீட்டுப் படியிறங்கிப் போய் ஏழு மாதம் ஆகிறது. போனில் கூப்பிட்டால் உன் நம்பருக்குப் போவதில்லை. ஷெரினைக் கூப்பிடலாம் என்றால், பெற்ற பிள்ளை காதில் முதலில் விழ வேண்டிய விஷயமில்லை இது. ஆகவே தபாலில் எழுதுகிறேன். காகிதத்தை யாரும் பிளாக் பண்ண முடியாது.

அன்றைக்கு எல்லார் முன்னாலும் நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "நோட்டுல டிக் போடத் தெரிஞ்சா போதுமாக்கா? ஒழுங்கா மாத்திரை குடுத்திருந்தா மனுஷன் இன்னிக்கு இருந்திருப்பாரு." சாப்பாட்டுப் பந்தியில் சொன்னாய். உன் புருஷன் நோயல் தலையைத் தூக்கவே இல்லை. நான் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலும் அதைத்தானே சொன்னார்கள். அவருடைய டி.பி. மாத்திரைக்கு அடங்காத டி.பி.யாக மாறிவிட்டது என்று சொன்ன அன்று, நான் நோட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் விரித்தேன். ஒரு நாள் விடாமல் டிக் இருக்கிறது பாருங்கள் என்றேன். அவர் பார்க்கக்கூட இல்லை. "எல்லாரும் ஹீகே நோட் தோர்ஸ்தாரம்மா" என்று, எல்லாரும் இப்படித்தான் நோட்டைக் காட்டுவார்கள் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, சீட்டில் 'ஒழுங்காக மருந்து உட்கொள்ளாதவர்' என்று எழுதினார். இருபத்தெட்டு வருஷம் பீன்யா ஃபாக்டரியில் ஒரு நாள் லேட் என்று பேர் வாங்காத மனுஷனுக்குக் கடைசியில் கிடைத்த பட்டம் அது.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. போன மாதம் சிந்து என்று ஒரு பெண் வந்தாள். காலேஜில் ஆராய்ச்சி பண்ணுகிறாள். டி.பி. வந்த நாற்பது வீடுகளில் போய் உட்கார்ந்து, மருந்து வீட்டுக்குள் வந்த பிறகு அதற்கு என்ன ஆகிறது என்று கேட்டு எழுதுகிறாள். "ஆஸ்பத்திரி சீட்டுல ஒழுங்கில்லன்னு ஒரே வார்த்தை எழுதிடறாங்க ஆன்ட்டி. அந்த வார்த்தைக்குப் பின்னால என்ன நடந்துச்சுன்னு யாரும் கேக்கல" என்றாள். ஐந்தாம் கிளாஸோடு நின்றவள் நான். என் நோட்டை ஒருத்தி மடியில் வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கர்த்தர் மன்னிக்கட்டும்.

"இந்த டிக் அவர் முழுங்கினதும் போடறதா, நீங்க குடுத்ததும் போடறதா?" என்று கேட்டாள்.

வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் அவருக்குக் குமட்டும். அதனால் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், ஃபாக்டரியில் டீ குடித்த பிறகு போடுவார். விடியும் முன்னே அவர் கிளம்ப, நான் ஆறு மணிப் பூசைக்குக் கிளம்ப, வாசலில் பையைத் தட்டிக் காட்டுவார். நான் டிக் போட்டுவிட்டுப் போவேன். பூசைக்குப் போகும்போது ஒரு கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம். ஆக அந்த டிக் எல்லாம் மாத்திரை பையில் போனதற்குத்தான், வயிற்றில் போனதற்கு இல்லை.

காலி அட்டைகளையும் வைத்திருக்கிறேன் என்று பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினேன். சிந்து அவற்றைக் கட்டிலில் வரிசையாகப் பரப்பினாள். வாரத்துக்கு ஒரு அட்டை, இருபத்தெட்டு மாத்திரை. முதல் பதிமூன்று வாரம் முழு அட்டை. அடுத்த பன்னிரண்டு வாரமும் பாதிதான் இருந்தது. கத்தரிக்கோலால் நேராக வெட்டின பாதி.

"ஆன்ட்டி, இதை யாரு கட் பண்ணாங்க?"

பையில் மடங்காமல் இருக்க வெட்டினேன், காலியான மறு பாதியை ஃபாக்டரிக் குப்பையில் போட்டேன் என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். அதைத்தான் நானும் சொன்னேன். சொல்லிவிட்டு ஒரு பாதியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மாத்திரை அட்டையைக் குப்பையில் போடுகிற மனுஷனா அவர்?

கிரேஸ், உங்கள் ஊரிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் வருகிற முனிகிருஷ்ணனை மார்க்கெட்டில் பார்த்தேன். நோயல் மெலிந்துவிட்டான், இரண்டு படி ஏறினால் நிற்கிறான் என்றார். எனக்கு ஒன்றே ஒன்று சொல். அந்த மறு பாதி எங்கே போனது?

சண்டைக்காகக் கேட்கவில்லை.

அக்கா,
பிலோமினா

*

ராபர்ட்சன்பேட்டை, கே.ஜி.எஃப்.
20 பிப்ரவரி 2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. தபால்காரர் ஷெரின் கையில் கொடுத்தார். நல்லவேளை, கவரைப் பிரிக்கவில்லை. இனிமேல் இப்படி எழுதாதீர்கள்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஆனால் ஒரே நோய் வர வேண்டும் என்று சட்டமா? உங்கள் கொழுந்தனாருக்கு டி.பி.யும் இல்லை ஒன்றும் இல்லை. இந்த ஊர் இருமல் உங்களுக்குத் தெரியாதா? மாமனார் இருமினார், அவர் அப்பா இருமினார். தங்க மைன்ஸ் தூசி. வெயில் வந்தால் சரியாகிவிடும்.

ஒரு ஆராய்ச்சிக்காரி வந்து கட்டிலில் காலி அட்டையைப் பரப்பினாளாம், உடனே நான் திருடியாகிவிட்டேனா? உங்களுக்கு எப்போதும் இப்படித்தான். எதுவும் எழுத்தில் இருந்தால்தான் உண்மை. மூத்தார் எங்கே போட்டாரோ, யாருக்குக் கொடுத்தாரோ, அவரைக் கேட்க வேண்டியதை என்னைக் கேட்டால்?

நாற்பதாம் நாள் அன்று நான் பேசியது தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். துக்கத்தில் வாய் வந்துவிட்டது. அதற்குப் பழி வாங்க இப்படி ஒரு வழியா?

ஈஸ்டர் கழித்து ஷெரினுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீடு நல்ல வீடு, எல்லாம் விசாரித்துத்தான் செய்வார்கள். 'டி.பி.' என்று ஒரு எழுத்து இந்தத் தெருவில் கேட்டால் போதும், முடிந்தது. நோயலுக்கு ஸ்கூல் வேன் ஓட்டுகிற பிழைப்பு. உங்களுக்குப் பிள்ளை இல்லை, என் பயம் உங்களுக்குப் புரியாது.

புரியாது என்று எழுதிவிட்டேன், அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கவில்லை. இருக்கட்டும்.

கிரேஸ்

*

ரிச்சர்ட்ஸ் டவுன்
27 பிப்ரவரி 2024

கிரேஸுக்கு,

பிள்ளை இல்லை என்று நீ எழுதினதைப் படித்தேன். அதை ஒரு பக்கம் வைக்கிறேன்.

நோயல் ஒரு நாளாவது சுரங்கத்தில் இறங்கியிருக்கிறானா? அவன் லைசென்ஸ் எடுத்து வண்டி ஓட்ட ஆரம்பித்த பிறகு மைன்ஸையே மூடிவிட்டார்கள். தாத்தாவும் அப்பாவும் விழுங்கின தூசி பேரனுக்கு வராது. உங்கள் ஊரில் எந்த இருமலுக்கும் அந்தப் பேரை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறீர்கள். இவருக்கும் முதலில் இரண்டு மாதம் அதைத்தான் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

நான் எழுத்தில் இருப்பதை நம்புகிறவள்தான். அதனால் எழுத்தில் இருப்பதையே சொல்கிறேன். முதல் பாதி அட்டை 2022 டிசம்பர் 6, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நோட்டில் டிக்குக்குப் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்: 'கிரேஸ் ஊரிலிருந்து வந்தாள். சிவாஜிநகர் மாதா கோவில் நொவேனாவுக்கு இவரோடு போனாள். ஷெரின் கல்யாணத்துக்காக ஒன்பது செவ்வாய் நேர்ந்திருக்கிறாள்.' எனக்குச் செவ்வாய் மாலை மரியாயின் சேனைக் கூட்டம். நீங்கள் இரண்டு பேரும் போய் வந்ததும் கருவாட்டுக் குழம்பு ஊற்றினேன், உனக்குப் பிடிக்கும் என்று.

ஒன்பது செவ்வாய் ஜனவரி 31-ஆம் தேதியோடு முடிகிறது. நீ பிப்ரவரி 7 வந்தாய், 14 வந்தாய், 21-ம் வந்தாய். நேர்ந்துகொண்டது ஒன்பது, வந்தது பன்னிரண்டு. பாதி அட்டையும் பன்னிரண்டு. பிள்ளைமேல் எவ்வளவு பக்தி என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

நீ ஆமாம் என்று சொல்லவும் வேண்டாம், இல்லை என்று சொல்லவும் வேண்டாம். எனக்கு அதில் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. போனவர் வரப்போவதில்லை. இருக்கிறவனைப் பார். சிந்துவிடம் பேர் சொல்லாமல் கேட்டேன். பாதி மாத்திரை போட்டால் இருமல் கொஞ்ச நாள் அடங்கும், நோய் உள்ளே முறுக்கேறி நிற்கும், அதன் பிறகு சாதாரண மாத்திரை எதற்கும் கட்டுப்படாது என்றாள். அவனைச் சளி டெஸ்டுக்குக் கூட்டிப்போ. போனால் மட்டும் போதாது. முன்னே இத்தனை மாதம் இந்த மாத்திரையில் பாதி போட்டிருக்கிறான் என்று டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழைய மாத்திரையையே முதலிலிருந்து கொடுப்பார்கள். நாலு மாதம் வீணாகும். இவருக்கு அந்த நாலு மாதம்தான் இல்லாமல் போனது.

அந்த வேனில் எத்தனை பிள்ளைகள் கிரேஸ்? ஷெரின் எந்த அறையில் படுக்கிறாள்?

தவக்காலம் நடக்கிறது. நான் உனக்காக உபவாசம் இருக்கிறேன் என்று எழுத ஆசை. உண்மை என்னவென்றால், சோறு இறங்கவில்லை.

பிலோமினா

*

ராபர்ட்சன்பேட்டை
16 மார்ச் 2024

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். போனில் சொல்லத் தைரியம் இல்லை. எழுதும்போது நடுவில் நிறுத்தி அழுதால் உங்களுக்குத் தெரியாது.

மறு பாதி நான்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு வாரமும்.

2022 நவம்பரில் இவர் வாஷ்பேசினில் துப்பியதில் ரத்தம். இங்கே ஒரு டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, டி.பி., கவர்மென்ட்டில் பேர் பதிய வேண்டும் என்றார். பதிந்தால் ஹெல்த் சென்டர் ஆஷா அம்மா வீட்டுக்கு வருவாள், ஸ்கூலில் சொல்வார்கள், தெருவுக்குத் தெரியும். அப்போதுதான் ஷெரினுக்கு முதல் வரன் பேச ஆரம்பித்திருந்தோம். இவர் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார். "பேரு போட்டா வேலை போச்சு, வேலை போனா பொண்ணு போச்சு" என்றார்.

அண்ணனிடம் சொல்லலாம் என்று சொன்னது நான். நவம்பர் கடைசிச் செவ்வாய் உங்களுக்குத் தெரியாமல் வந்து, மாதா கோவில் வாசலில், மெழுகுவர்த்தி விற்கிற இடத்தில் நின்றுகொண்டு மூத்தாரிடம் சொன்னேன். அவர் ஒரு மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றி வைத்தார். "நான் மூணு மாசம் முழுசாப் போட்டுட்டேம்மா, எனக்கு இருமலே இல்ல. இனிமே எனக்குப் பாதி போதும்" என்றார். ஃபாக்டரியில் தகடு வெட்டுகிற கத்தரியால் அட்டையை வெட்டிக்கொண்டு வந்திருந்தார், அடுத்த வாரம். ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுப்பார். நான் பையில் போட்டுக்கொள்வேன். இரண்டு பேரும் உள்ளே போய் முழங்காலில் நிற்போம்.

அக்காவிடம் சொல்லிவிடலாமே என்று நான் ஒரு தடவை கேட்டேன். இது சத்தியம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வேணாம்மா. அவளுக்குத் தெரிஞ்சா நோட்டுல எழுதிடுவா. பொய் எழுத அவளுக்கு வராது. ஹெல்த் சென்டர்ல நோட்டைப் பாத்தா நோயல் பேரு வெளிய வந்துடும்."

இவருக்கு ஒரு மாதத்தில் இருமல் நின்றது. உடம்பு பூசியது. மாதா அற்புதம் பண்ணிவிட்டாள் என்று நான் சாட்சிகூட எழுதிப் பெட்டியில் போட்டேன். அங்கே மூத்தாருக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது என்று கேட்டபோது, அது அந்தப் பாதியால்தான் என்று எனக்குத் தெரிந்தது அக்கா. ஆனாலும் சொல்லவில்லை. அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்க வந்தேனே, நீங்கள் வெந்நீர் வாங்கப் போன நேரம், என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். அவ்வளவுதான்.

நாற்பதாம் நாள் அன்று நீங்கள் யாரோ ஒரு அம்மாவிடம் நோட்டைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், "ஒரு நாள் விடல, எப்படி இப்படி ஆச்சுன்னு தெரியல" என்று. நீங்கள் யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று பயந்துபோனேன். அதனால்தான் அப்படிக் கத்தினேன். தப்பு உங்கள் மேல் என்று எல்லாரும் நினைத்துவிட்டால் யாரும் மேலே தேட மாட்டார்கள். துக்கத்தில் வந்த வாய் இல்லை அது. யோசித்துத்தான் பேசினேன்.

இவருக்குத் திரும்ப ரத்தம் வருகிறது. பொங்கலோடு வேனை நிறுத்திவிட்டார். அதற்கு முன்னால் வரைக்கும் பதினோரு பிள்ளைகள். ஷெரின் எங்களோடு ஒரே அறையில்தான் படுக்கிறாள். உங்கள் கடைசிக் கேள்வியைப் படித்த அன்றிலிருந்து அவளை ஹாலில் படுக்கச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்கிறாள்.

நான் என்ன பண்ண?

கிரேஸ்

*

ரிச்சர்ட்ஸ் டவுன்
22 மார்ச் 2024

கிரேஸ்,

உன் கடிதம் கிடைத்தது. குருத்து ஞாயிறுக்குக் கோவில் பெருக்கப் போக வேண்டும், போகவில்லை.

என்னிடம் சொல்லியிருந்தால் நான் எழுதியிருப்பேன். அவர் சொன்னது சரி. எழுதியிருப்பேன், ஹெல்த் சென்டரில் காட்டியிருப்பேன், நோயல் பேர் பதிவாகியிருக்கும், அவனுக்கென்று தனி அட்டை வந்திருக்கும். மாத்திரை இலவசம் கிரேஸ். கேட்டால் கொடுப்பார்கள். இலவசமாகக் கிடைக்கிறதை அண்ணன் வாயிலிருந்து எடுத்தீர்கள்.

அவர்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். ஒவ்வொரு நாளும் வாசலில் பையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனாரே. முப்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்துவிட்டு, கடைசி ஆறு மாதம் என்னிடம் பொய்யாக இருந்துவிட்டுப் போனார். அவரிடம் கேட்க முடியாததை உன்னிடம் கேட்டு என்ன.

என் வீட்டுக்கு வராதே. ஆனால் இதைச் செய். ஈஸ்டர் முடியட்டும் என்று தள்ளாதே. நோயலை அங்கே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. இந்தக் காகிதத்தின் பின்னால் எல்லாத் தேதியும், மாத்திரை பேரும், எத்தனை வாரம் எத்தனை என்பதும் எழுதியிருக்கிறேன். வாயில் வராவிட்டால் டாக்டரிடம் இதை நீட்டு. அண்ணனுக்கு வந்தது அடங்காத டி.பி. என்ற வரியின் கீழே கோடு போட்டிருக்கிறேன். ஷெரினுக்கும் உனக்கும் படம் எடுக்க வேண்டும். அந்தப் பதினோரு பிள்ளைகளின் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும். அடிக்க வந்தால் அடி வாங்கிக்கொள்.

ஷெரினிடம் நீயே சொல். என் கடிதத்தைப் படிக்க விடாதே.

பிலோமினா

*

ராபர்ட்சன்பேட்டை
18 ஏப்ரல் 2024

அக்கா,

நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தேன். உங்கள் காகிதத்தைத்தான் நீட்டினேன். அந்த டாக்டரம்மா சின்னப் பெண். திட்டுவாள் என்று பார்த்தேன். படித்துவிட்டு, "இதை எழுதினது யாரு? இப்படி ஒருத்தங்க எழுதிக் குடுத்தா எங்க வேலை பாதி முடிஞ்சுது" என்றாள். சளி டெஸ்டில் அடங்காத டி.பி. என்றே வந்தது. மூத்தாருக்கு வந்ததேதான். இடது பக்க நுரையீரல் முக்கால்வாசி போய்விட்டது, ஆனாலும் புது மாத்திரை ஆறு மாதம் விடாமல் போட்டால் பிழைக்க வழி இருக்கிறது என்றாள்.

ஷெரினுக்குப் படம் சுத்தமாக இருக்கிறது. எனக்கும். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். வேன் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இதுவரை யாருக்கும் இல்லை. பெற்றவர்கள் வாசலில் வந்து கத்தினார்கள். ஒரு அம்மா செருப்பைக் கழற்றினாள். நான் உள்ளே போகவில்லை, நின்றேன். அவர்கள் கத்தினது நியாயம்.

மாப்பிள்ளை வீட்டில் நானே போய்ச் சொன்னேன். காபி கொடுத்தார்கள். "கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். ஷெரின் அழவில்லை. "என்னக் கேக்காமயே எம் பேரைச் சொல்லி பெரியப்பாவ அனுப்பிட்டீங்களேம்மா. நான் கல்யாணமே கேக்கலியே" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. விடியற்காலை ரயிலில் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், தட்டைக் கழுவி வைக்கிறாள்.

இப்போது எழுதுவது இதற்கெல்லாம் இல்லை. இவர் மாத்திரை போட மாட்டேன் என்கிறார். ஆறு நாள் போட்டார். ஏழாம் நாள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அண்ணன் ரெண்டு எனக்குக் குடுத்துட்டு ரெண்டு தின்னாரு. இப்ப எனக்கு மட்டும் முழுசா எண்ணி எண்ணிக் குடுக்கறாங்க. தொண்டையில எறங்க மாட்டேங்குது கிரேஸ்" என்கிறார். இன்றோடு நாலு நாள். இன்னும் ரெண்டு வாரம் இப்படி விட்டால் இந்த மாத்திரையும் கேட்காமல் போய்விடும் என்று டாக்டரம்மா போனில் சொன்னாள். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் யார் வீட்டிலாவது வைத்து, தினமும் கண் முன்னால் விழுங்க வைக்கச் சொல்கிறாள்.

அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் போடுகிறேன் என்கிறார். மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள் அக்கா. மனசு வராவிட்டால் பொய்யாகவாவது எழுதுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

கிரேஸ்

*

ரிச்சர்ட்ஸ் டவுன்
22 ஏப்ரல் 2024

கிரேஸுக்கு,

நீ கேட்ட வரியை என்னால் எழுத முடியாது. பொய்யாக எழுத எனக்கு வராது என்று அவரே சொல்லியிருக்கிறாரே. இந்தக் கடிதத்தை நோயலுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. நடுவில் விட்டுப் படிக்காதே.

நோயல், உன் அண்ணிதான். நான் உன்னை மன்னிக்கவில்லை. முயற்சி பண்ணிப் பார்த்துவிட்டேன். பரலோக மந்திரம் சொல்லும்போது பிறரை மன்னிக்கிற இடம் வந்தால் என் வாய் நின்றுவிடுகிறது. எல்லாரும் சொல்லி முடிக்கிற வரைக்கும் சும்மா இருந்துவிட்டு, அடுத்த வரியில் சேர்ந்துகொள்கிறேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "நாளாகும்மா, வாயை மூடிக்கிட்டாவது வந்து நில்லுங்க" என்றார். நின்றுகொண்டிருக்கிறேன். அது எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. நீ அதற்காகக் காத்திருந்தால் அதற்குள் செத்துப்போவாய்.

அண்ணன் செய்தது தப்பு. உனக்கும் தப்பு, அவருக்கும் தப்பு, எனக்குச் செய்தது எல்லாவற்றிலும் பெரிய தப்பு. ஆனால் நீ இருக்க வேண்டும் என்றுதான் செய்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீயும் போய்விட்டால், ஒரு வீட்டில் இரண்டு பேர் எதற்குச் செத்தார்கள் என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்? அந்தப் பாரத்தையும் என் தலையில் வைத்துவிட்டுப் போகாதே. ஏற்கெனவே நிறைய வைத்துவிட்டீர்கள்.

கிரேஸ், இனிமேல் உனக்கு. நடந்ததைச் சிந்துவிடம் சொன்னேன்; அவள் எழுதினதைக் கொண்டுவந்து தமிழில் சொல்லிக் காட்டினாள். எங்களுக்குப் பேர் இல்லை, பதினேழாவது வீடு என்று போட்டிருக்கிறாள். பதினேழாவது வீட்டில் ஒரு மனிதர் தன் மருந்தைத் தம்பியோடு பங்குபோட்டார், காரணம் தம்பி பேரைப் பதியப் பயந்தான் என்று இருந்தது. நம்மைப்போல இன்னும் மூன்று வீடு இருக்கிறதாம். ஒரு வீட்டில் தாயும் மகளும். எழுதலாமா என்று என்னிடம் கையெழுத்து கேட்டாள். போட்டேன். ஒன்று மட்டும் சேர்க்கச் சொன்னேன். அந்த மனிதர் தன் பெண்சாதிக்கும் பயந்தார், அவள் எதையும் மறைக்காமல் எழுதிவிடுவாள் என்று பயந்தார், அதையும் எழுது என்றேன். சிந்து பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அது உங்க தப்பு இல்லையே ஆன்ட்டி" என்றாள். தப்பு என்று நான் சொல்லவில்லை, நடந்தது அது என்றேன்.

வீட்டு ஓனரம்மாவிடம் நோயலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்க முகம் கொடுக்கவில்லை. மறுநாள், "முன் ரூம் ஜன்னல் எல்லாம் தெறந்து வைங்க, மாஸ்க் போடச் சொல்லுங்க" என்றார்கள். அவ்வளவு போதும். முன் அறையைக் காலி பண்ணிவிட்டேன். நான் பின்னால் சமையலறைப் பக்கம் படுத்துக்கொள்வேன். ஆறு மாதமும் அவன் இங்கேயே இருக்கட்டும். நீ ஷெரினைப் பார். அவள் பேசாவிட்டாலும் பக்கத்தில் இரு. வாரம் ஒரு முறை வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போ.

என்னோடு பேச்சு எதிர்பார்க்க வேண்டாம் என்று அவனிடம் சொல். சோறு போடுவேன், வெந்நீர் வைப்பேன், காலையில் டீ குடித்ததும் மாத்திரை கொடுத்து விழுங்கும் வரைக்கும் எதிரில் உட்காருவேன். அதன் பிறகுதான் பூசை. ஆறு மணிப் பூசையை விட்டுவிட்டு, இனிமேல் பத்து மணிப் பூசைக்குப் போவதாக முடிவு பண்ணிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் அவனைக் கூட்டிக்கொண்டு வா. கண்டோன்மென்டில் இறங்குங்கள், அங்கிருந்து ஆட்டோவில் வரக் கிட்டம். நான் ஸ்டேஷனுக்கு வருவேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழாதே கிரேஸ். கையைக் கொடுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. பையைக் கொடு, தூக்கிக்கொள்கிறேன்.

பிலோமினா